ஏணியும் கொடிவழியும்

உயிர்களை ஒழுங்குபட வைத்துக் காணவேண்டும் என்னும் அவா மனிதனுக்கு மிகத் தொன்மையானது. புல்லையும் மரத்தையும் ஓரறிவுயிராகக் கொண்டு, உணரும் ஆற்றல் ஒவ்வொன்றாய்க் கூடக்கூட மேலே சென்று, மக்களை ஆறறிவுயிராக வைத்து முடிக்கின்றது தொல்காப்பியத்தின் மரபியல். கிரேக்க நாட்டில் அரிஸ்டோட்டிலும் உயிர்களைப் படிப்படியாக அடுக்கிக் கண்டார். அவருக்குப் பின் வந்த ஐரோப்பியர் அவ்வடுக்கை ஓர் ஏணியாகவே கருதினர். அடியிலே கல்லும் மண்ணும், அவற்றின் மேல் செடியும் கொடியும், அவற்றின் மேல் புழுவும் பூச்சியும் மீனும் பறவையும் விலங்கும், உச்சியிலே மனிதன். 1745 ஆம் ஆண்டில் ஜெனீவா நகரத்துச் சார்ல்ஸ் பொனே என்னும் இயற்கையறிஞர் இவ்வேணியை ஒரு படமாகவே வரைந்து தம் நூலில் வெளியிட்டார்.

ஏணி, 'எது உயர்ந்தது, எது தாழ்ந்தது?' என்னும் வினாவுக்கு விடை கூறுகின்றது. தமிழர் கொடிவழி என்று வழங்குவதோ வேறொரு வினாவுக்கு விடை கூறுவது. ஒரு குடும்பத்தின் பாட்டன், தந்தை, பிள்ளை, பேரன் என்னும் கிளைப்பை எழுதி வைத்தால், 'யார்க்கு யார் என்ன உறவு?' என்பது அதிலிருந்து விளங்கும். எவர் பெரியவர், எவர் சிறியவர் என்பது விளங்காது. உயிரினங்களைப் பற்றி முதல் வினாவைக் கேட்பதை விடுத்து இரண்டாம் வினாவைக் கேட்கக் கற்றுக்கொள்ளவே அறிவியலுக்கு ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள் சென்றன. அந்நெடும் பயணத்தை இன்றைய மாணவன் சில பாடங்களில் நடந்து முடிக்கவேண்டியவனாயிருக்கின்றான். கூர்ப்பைக் கற்பிக்கும் ஆசிரியருக்கு இடர் நேர்வது இவ்விடத்திலேயே. மாணவன் கையிற் கொடிவழியைக் கொடுத்தாலும் அவன் கண் அதில் ஏணியையே காண்கின்றது.

ஏணியின் ஆட்சி ஒரே நாளில் வீழ்ந்ததன்று. சுவீடன் நாட்டு லின்னேயஸ் 1735 இலே வெளியிடத் தொடங்கிய பாகுபாட்டு நூல், இனம், சாதி, வருணம், வகுப்பு என ஒன்றனுள் ஒன்று அடங்கும் பெட்டிகளில் உயிர்களை வைத்தது. பெட்டிக்குள் பெட்டி அடங்குவதேன் என்பதற்கு அவரிடம் கூர்ப்பு வழிப்பட்ட விடை இல்லை. ஆயினும் அவ்வமைப்பு ஏணிக்குப் பொருந்தாத ஒன்றாகும். 1801 இல் பிரான்சு நாட்டு ஓகுஸ்தீன் ஓஜியே தாவரங்களை ஒரு மரத்தின் கிளைகளாக வரைந்து காட்டினார். 1809 இல் லமார்க் தம் விலங்கியல் தத்துவ நூலின் ஈற்றில், விலங்குக் கூட்டங்கள் ஒன்றிலிருந்து ஒன்று பிரிந்தமையைக் கிளைக்கும் கோடுகளால் மேலிருந்து கீழாக எழுதினார். உயிர்களின் உறவைத் தோற்றத்தின் வழி காட்டிய முதற் படங்களுள் அஃது ஒன்று.

'பீகிள்' கப்பலிற் சென்று 1836 இல் நாடு திரும்பிய சார்ல்ஸ் டார்வின், அடுத்த ஆண்டு நடுப்பகுதியில், தமது 28 ஆம் வயதில், ஒரு சிறு குறிப்பேட்டின் 36 ஆம் பக்கத்தில் கிளைத்த உருவமொன்றைக் கீறினார். பக்கத்தின் தலைப்பில், தாம் இவ்வாறு எண்ணுவதாக இரு சொற்களை மாத்திரம் எழுதினார். அடியிலே 1 என்னும் எண். அதிலிருந்து பிரியும் கிளைகளின் நுனியில் சிலவற்றுக்குக் குறுக்குக் கோடு உண்டு, சிலவற்றுக்கு இல்லை. குறுக்குக் கோடு பெற்றவை இன்று வாழும் இனங்கள், பெறாதவை அழிந்தொழிந்தவை. அந்தச் சிறு கீறலில் ஏணிக்கு இடமே இல்லை. வாழும் இனங்கள் யாவும் கிளை நுனிகளிலேயே நிற்கின்றன. எந்த இனமும் மற்றோர் இனத்தின் தலைமேல் நிற்கவில்லை. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக நூலகத்திலிருந்த இக்குறிப்பேடு 2001 இல் காணாமற்போனது கண்டறியப்பட்டு, 2022 மார்ச்சு மாதத்தில் எவரென்று தெரியாத ஒருவரால் திருப்பி வைக்கப்பட்டது.

1859 இல் வெளிவந்த டார்வினின் 'உயிரினங்களின் தோற்றம்' என்னும் பெருநூலில் உள்ள படம் ஒன்றே ஒன்றுதான். அதுவும் ஒரு கொடிவழியே. 11 இனங்கள் கீழ்க்கோட்டில் நிற்கின்றன. அதன் மேல் 14 கோடுகள் காலத்தைக் காட்டுகின்றன. முடிவில் 15 இனங்கள் காணப்படுகின்றன. ஆயினும் அப்பதினைந்தும் தொடக்கத்திலிருந்த மூன்று இனங்களின் வழித்தோன்றல்களே. ஏனைய எட்டும் வழியற்று மறைந்தன. படத்தில் விலங்கின் பெயரோ செடியின் பெயரோ கிடையாது. எழுத்துகள் மாத்திரமே உள்ளன. உண்மையான உயிர்களைக் கொண்டு இத்தகைய படத்தை வரையும் காலம் தாம் இறந்த பின்னரே வரும் என்று 1857 இல் ஹக்ஸ்லி என்னும் அறிஞருக்கு எழுதிய கடிதமொன்றில் டார்வின் குறிப்பிட்டிருந்தார்.

அவ்வளவு பொறுமை ஜெர்மனி நாட்டு எர்ன்ஸ்ட் ஹெக்கலுக்கு இருக்கவில்லை. 1866 இலேயே அவர் தாவரம், விலங்கு முதலிய எல்லாவற்றுக்கும் பெயர் பொறித்த மரங்களை வரைந்து வெளியிட்டார். இனவழி வரலாற்றைக் குறிக்க ஐரோப்பிய மொழிகளில் இன்று வழங்கும் சொல்லை ஆக்கியவரும் அவரே. இலங்கைக்கும் அவருக்கும் தொடர்பு உண்டு. 1881 இறுதியில் கொழும்பிலே வந்திறங்கிய ஹெக்கல், தென்கரையிலுள்ள வெலிகமையில் வாடிவீட்டையே ஆய்வுகூடமாக்கிக்கொண்டு கடலுயிர்களைத் திரட்டினார். அப்பயணத்தைப் பற்றிய நூலொன்றை 1882 இல் வெளியிட்டார்.

ஹெக்கல் வரைந்த மரங்களுள் மிகுந்த புகழ் பெற்றது 1874 இல் வெளிவந்த மனித மரபு மரம். தடித்த அடிமரமும் முரட்டுப் பட்டையும் கொண்ட முதிர்ந்த மரமாக அது காட்சி தருகின்றது. அடியிலே ஒரு கல உயிர்கள். நடுமரத்தில் புழு, மீன், ஈரூடகவாழி. உச்சிக் கொப்பிலே மனிதன். பக்கக் கிளைகள் இருப்பினும், பார்ப்பவன் கண் அடியிலிருந்து உச்சிக்கு நேரே ஏறிவிடுகின்றது. வெளியே தள்ளப்பட்ட ஏணி, மரத்தின் தண்டாக உருமாறி மீண்டும் உள்ளே புகுந்தது. பின்வந்த பாடநூல்கள் பலவற்றில் இச்சாயல் நீங்காது படிந்தது. 'குரங்கிலிருந்து மனிதன் வந்தான்' என்னும் பிழைபட்ட வாசகம் உலகெங்கும் பரவியமைக்கு இத்தகைய படங்களும் ஒரு காரணம் எனலாம்.

அவ்வாசகம் பிழையாவது எவ்வாறு? இருவர் ஒரே பாட்டனின் பேரப்பிள்ளைகளாயிருப்பின், ஒருவர் மற்றவருக்குப் பாட்டன் ஆகமாட்டார். மனிதனுக்கும் சிம்பன்சிக்கும் உள்ள உறவு பெரியப்பன் பிள்ளைக்கும் சிற்றப்பன் பிள்ளைக்கும் உள்ள உறவு போன்றது. இருவர்க்கும் பொதுவான மூதாதை அறுபது எழுபது இலட்சம் ஆண்டுகளுக்கு முன்னர் வாழ்ந்தது. அது மனிதனுமன்று, இன்றைய சிம்பன்சியுமன்று. அம்மூதாதை கொடிவழிப் படத்தில் கணுவாகக் குறிக்கப்படுகின்றது. நுனியில் நிற்பவை வாழும் உறவினர். கணுவில் நிற்பது மறைந்த மூதாதை. இவ்வேறுபாடு மனத்திற் பதிந்தவனுக்குப் பாதிப் பாடம் முடிந்தது எனலாம்.

மறு பாதிக்கு ஒரு பயிற்சி உதவும். பாரை மீன், தவளை, உடும்பு, முதலை, காகம் என்னும் ஐந்து பெயர்களைக் கரும்பலகையில் இடமிருந்து வலமாக எழுதுக. முதலையையும் காகத்தையும் ஒரு கணுவில் இணைக்க. அக்கணுவிலிருந்து ஒரு கோட்டைக் கீழிறக்கி உடும்போடு இணைக்க. அவ்வாறே பின்னர் தவளையோடும், இறுதியிற் பாரையோடும் இணைக்க. இனி, தவளைக்கு நெருங்கிய உறவு பாரையா, காகமா என்று வினவினால், வகுப்பிற் பெரும்பாலோர் பாரை என்பர். தவளையும் மீனும் நீரில் வாழ்வன. படத்திலும் பக்கத்திற் பக்கத்தில் நிற்பன. ஆயினும் கோடுகளின் வழியே இறங்கிப் பார்த்தால், தவளையும் காகமும் சந்திக்கும் கணு, தவளையும் பாரையும் சந்திக்கும் கணுவுக்கு மேலே இருப்பது தெரியவரும். மேலுள்ள கணு பிந்திய காலத்தது. ஆகவே தவளைக்குக் காகமே நெருங்கிய உறவு. உறவை அளப்பது பொது மூதாதையின் காலமேயன்றி, நுனிகளின் அண்மையன்று.

நுனிகளின் வரிசைக்குப் பொருளில்லை என்பதையும் அதே படத்தைக் கொண்டு காட்டலாம். கொடிவழியின் ஒவ்வொரு கணுவும் சுழலத்தக்கது. கூரையிலிருந்து தொங்கும் கிளை விளக்கைக் காற்றுச் சுழற்றினால் விளக்குகளின் இடம் மாறுமேயன்றி, எது எந்தக் கிளையில் தொங்குகின்றது என்பது மாறாது. அதுபோலக் கணுக்களைச் சுழற்றி, பாரை, காகம், முதலை, உடும்பு, தவளை என்னும் வரிசையில் எழுதினாலும் படம் அதே படமே. இப்போது பாரைக்குப் பக்கத்திற் காகம் நிற்கின்றது. மீனின் நெருங்கிய உறவு காகம் என்று எவரும் கூறார். அவ்வாறாயின் முன்னைய வரிசையில் தவளை பக்கத்தில் நின்றதற்கும் பொருளில்லை என்பது தானே பெறப்படும். மனிதனை எப்போதும் வலப்பக்கத்து இறுதியில் வைத்து வரையும் பழக்கம் கண்ணுக்கு இனிதேயன்றி, அறிவியலுக்கு உரியதன்று.

முதலைக்கு உடும்பைவிடக் காகமே நெருங்கிய உறவு என்பது பலர்க்கும் வியப்பளிக்கும். முதலையும் பறவையும் ஏறத்தாழ 25 கோடி ஆண்டுகளுக்கு முன்னர் வாழ்ந்த பொது மூதாதையிலிருந்து பிரிந்தவை. உடும்பின் மரபு அதற்கும் முன்னரே பிரிந்துவிட்டது. நான்கு அறை கொண்ட இதயம் முதலைக்கும் பறவைக்கும் உண்டு. முட்டையையும் குஞ்சையும் காக்கும் வழக்கமும் இரண்டுக்கும் உண்டு. கொடிவழியின் எவ்விடத்திலாயினும் ஒரே ஒரு வெட்டு வெட்டினால், வெட்டுக்கு மேலுள்ளது முழுவதும் ஒன்றாகக் கழன்று விழும். அவ்வாறு விழுவதே இயற்கையான குழு. முதலை, உடும்பு, பாம்பு, ஆமை ஆகியவற்றைச் சேர்த்து வெட்டும்போது பறவையும் கூடவே விழுகின்றது. ஆதலின் பறவையை விலக்கிய 'ஊர்வன' என்னும் பழைய வகுப்பு வழக்கிற்குப் பயன்படுமேயன்றி, ஒரு மூதாதையின் முழு வழித்தோன்றலைக் குறிப்பதாகாது.

படத்தை வாசிப்பது ஒரு கலை. கட்டுவது மற்றொரு கலை. அதன் கடுமையை முதலிற் கண்டவருள் ஒருவர் ஆங்கில நாட்டுச் சென் ஜோர்ஜ் மைவாட். அவர் 1865 இல் குரங்கினங்களின் முதுகெலும்பு முதலிய நடுவுடல் எலும்புகளை ஆராய்ந்து ஒரு மரம் வரைந்தார். 1867 இல் அதே விலங்குகளின் கைகால் எலும்புகளை ஆராய்ந்து மற்றொரு மரம் வரைந்தார். இரண்டும் ஒத்துவரவில்லை. உண்மையில் நிகழ்ந்த வரலாறு ஒன்றே. ஆகவே ஒரு படமாவது பிழையாதல் வேண்டும். எந்த ஒற்றுமையை நம்புவது, எதனைத் தள்ளுவது என்பதற்கு அக்காலத்தில் வரன்முறை இல்லை. அதன்பின் ஏறக்குறைய எண்பது ஆண்டுகளுக்கு மரம் வரைதல் அனுபவமிக்க அறிஞரின் உள்ளுணர்வைப் பொறுத்ததாகவே இருந்தது. உள்ளுணர்வை மாணவனுக்குக் கற்பித்தல் இயலாது.

கற்பிக்கத்தக்க விதியைத் தந்தவர் ஜெர்மனி நாட்டு வில்லி ஹென்னிக். ஈக்களையும் கொசுக்களையும் ஆராய்ந்த இவர் இரண்டாம் உலகப் போரிற் படையிற் சேர்க்கப்பட்டு, 1945 இல் இத்தாலியிற் பிரித்தானியரிடம் சிறைப்பட்டார். சிறையிருந்த காலத்திலேயே தம் கோட்பாட்டின் முதல் வரைவை எழுதினார். அது 1950 இல் ஜெர்மன் மொழியில் நூலாயிற்று. 1966 இல் ஆங்கிலத்தில் வெளிவந்த பின்னரே உலகறிந்ததாயிற்று. ஹென்னிக்கின் விதி எளிது. ஒற்றுமைகள் யாவும் உறவுக்குச் சான்றாகா. பழைய மூதாதையிடமிருந்து எல்லோர்க்கும் வந்த ஒற்றுமை பயனற்றது. ஒரு கிளையிற் புதிதாய்த் தோன்றி அக்கிளையார் மாத்திரம் பங்கிட்டுக்கொண்ட ஒற்றுமையே சான்றாகும்.

ஏட்டுச் சுவடிகளை ஒப்புநோக்கிப் பதிப்பித்தவர் இவ்விதியின் நியாயத்தை நன்கு உணர்வர். 1887 இற் கலித்தொகையைப் பதிப்பித்த யாழ்ப்பாணத்துச் சி. வை. தாமோதரம்பிள்ளை போன்றோர் பல ஏடுகளை ஒருங்கு வைத்துப் பார்க்க நேர்ந்தது. இரண்டு ஏடுகளில் ஒரு சொல் சரியாக ஒத்திருப்பின், அவை நெருங்கிய உறவுடையன என்று கூறமுடியாது. மூலத்திலிருந்தே அச்சொல் எல்லா ஏடுகளுக்கும் வந்திருக்கும். ஆனால், இரண்டு ஏடுகளில் மாத்திரம் ஒரே அடி விடுபட்டிருப்பின், அவ்விரண்டும் அடியை விட்டெழுதிய ஒரே ஏட்டிலிருந்து படியெடுக்கப்பட்டவை என்று கொள்வதே தகும். உறவைக் காட்டுவது பங்கிட்ட பிழை. உயிர்களில் அப்பிழையின் இடத்தை மாற்றம் பெறுகின்றது. மூலத்தில் இருந்தது எது, பின்னர் மாறியது எது என்பதை அறிய, ஆராயும் கூட்டத்துக்குப் புறம்பான ஓர் உயிரைத் துணையாகக் கொள்வர். அதனைப் புறக்குழு எனலாம்.

வகுப்பறையில் இதனை ஓர் அட்டவணையாகச் செய்து காட்டலாம். சுறா புறக்குழு. தவளை, உடும்பு, பசு, மனிதன் என்பன ஆராயப்படும் நான்கு. நாற்கால் அமைப்பு நான்குக்கும் உண்டு. கருவைச் சூழ்ந்து நீர் நிறைந்த பை உடும்புக்கும் பசுவுக்கும் மனிதனுக்கும் உண்டு. உரோமமும் பாலூட்டலும் பசுவுக்கும் மனிதனுக்குமே உண்டு. ஐந்தாவதாக வாலின்மையைச் சேர்ப்போமாயின் இடர் தோன்றும். வளர்ந்த தவளைக்கும் வாலில்லை, மனிதனுக்கும் வாலில்லை. பசுவையும் மனிதனையும் இணைத்து வரைந்தால், வால் இரு முறை தனித்தனியே இழக்கப்பட்டதாகக் கொள்ளவேண்டும். மற்றை நான்கு இயல்பும் ஒவ்வொரு முறையே தோன்றின. ஆக மொத்தம் 6 மாற்றங்கள். வாலின்மையை நம்பித் தவளையையும் மனிதனையும் இணைத்தால், கருப்பையுறை, உரோமம், பாலூட்டல் ஆகிய மூன்றுக்கும் இவ்விரு மாற்றங்கள் வேண்டும், மொத்தம் 8. குறைந்த மாற்றத்தை வேண்டும் படமே தெரிந்துகொள்ளத்தக்கது. மாணவன் இங்கு விடையை மனப்பாடம் செய்யவில்லை. சான்றுகளை எண்ணித் தீர்ப்பு வழங்குகின்றான்.

இம்முறை உண்மையை எட்டுமா என்னும் ஐயம் நியாயமானது. உண்மையான வரலாற்றைக் கண்டவர் எவருமில்லை. இந்த ஐயத்தைத் தீர்க்க அமெரிக்காவின் கன்சாஸ் பல்கலைக்கழகத்து ஜோசப் காமின் புதுவழியொன்றைக் கண்டார். உலகில் இல்லாத விலங்குகளைத் தாமே வரைந்தார். ஒன்றிலிருந்து ஒன்று சிறிது சிறிதாக மாறி வருமாறு 77 உருவங்களை ஆக்கி, அவற்றுள் 29 ஐ வாழ்வனவாகவும் 48 ஐ உயிர்ச்சுவடுகளாகவும் கொண்டார். கொடிவழியைத் தாம் மறைத்து வைத்து, உடனாய்வாளரையும் மாணவரையும் அதனைக் கண்டுபிடிக்கச் செய்தார். உண்மைக்கு அணித்தாக வந்தவை, குறைந்த மாற்றங்களைக் கொண்ட மரங்களே. அவரும் ரொபேட் சோக்கலும் இம்முடிவை 1965 இல் வெளியிட்டனர். அந்தக் கற்பனை விலங்குகள் பின்னர்ப் பல நாடுகளின் வகுப்பறைகளுக்குட் புகுந்தன. 1992 இல் டெக்சாஸ் பல்கலைக்கழகத்து டேவிட் ஹில்லிசும் அவர் குழுவினரும் உயிருள்ள வைரசு ஒன்றையே ஆய்வுகூடத்தில் கிளைகிளையாகப் பெருக்கி, அறிந்த வரலாற்றைக் கொண்டு மரம் கட்டும் முறைகளைச் சோதித்தனர். கிளைப்பின் ஒழுங்கை அம்முறைகள் பிழையின்றிக் கண்டன.

கையால் எண்ணும் வேலைக்கு எல்லை உண்டு. 3 இனங்களை 3 வகையாக இணைக்கலாம். 4 இனங்களை 15 வகையாக. 5 இனங்களை 105 வகையாக. 10 இனங்களுக்கோ 3 கோடியே 44 இலட்சத்து 59 ஆயிரத்து 425 மரங்கள் உள. கணனி இன்றி இத்துறை வளர்ந்திராது என்பதற்கு இவ்வெண்ணே சான்று. சான்றும் எலும்போடும் பல்லோடும் நிற்கவில்லை. உயிரின் மூலக்கூறுகளே வரலாற்று ஆவணங்கள் என்பதைச் சுக்கர்கண்டல், போலிங் என்னும் இருவர் 1965 இல் எடுத்துக்காட்டினர். 1967 இல் பிட்ச், மார்கோலியாஷ் ஆகியோர் மனிதன் முதல் மதுவம் வரையுள்ள 20 உயிர்களின் ஒரே புரதத்தை ஒப்பிட்டு மரம் கட்டினர். 1977 இல் கார்ல் வூசும் ஜோர்ஜ் பொக்சும் பற்றீரியா என்று எண்ணப்பட்டுவந்த நுண்ணுயிர்களுட் சில, பற்றீரியாவினின்றும் முற்றும் வேறான பெருங்கிளை என்று கண்டனர். அக்கிளையே ஆர்க்கியா. நுண்ணுயிர்கள் பரம்பரையலகுகளைக் குறுக்கேயும் பரிமாறுவதால், அவற்றின் மரத்திற் கிளைகள் பின்னியும் கிடக்கின்றன.

மன்னார்க் கடலில் இப்பாடத்துக்கு உயிருள்ள எடுத்துக்காட்டு உண்டு. ஆவுளியா எனப்படும் கடற்பசுவும் ஓங்கிலும் அக்கடலில் வாழ்வன. இரண்டும் மீனுருவம் கொண்டவை. இரண்டும் பின்கால் இழந்தவை. உருவை நம்புபவன் அவற்றை உடன்பிறப்பு என்பான். ஆனால் ஆவுளியாவின் நெருங்கிய உறவு யானை. யானையைப் போலவே அதற்கும் முலைக்காம்புகள் முன்கால்களை அடுத்து மார்பில் உள்ளன. ஓங்கிலும் திமிங்கிலமும் நீர்யானைக்கு உறவு. 2001 இல் வெளியிடப்பட்ட பாகிஸ்தான் நாட்டு உயிர்ச்சுவடுகளில், பழந்திமிங்கிலத்தின் கணுக்கால் எலும்பு இரட்டைக் குளம்பு விலங்குகளுக்கே உரிய வடிவில் இருந்தது. பசுவுக்குக் குதிரையைவிடத் திமிங்கிலம் நெருங்கிய உறவாவது இதனாலேயே. ஒரே வகை வாழ்க்கை ஒரே உருவை இரு முறை ஆக்கியது.

தேவாங்கும் அத்தகையதொரு பாடத்தைத் தருகின்றது. மடகாஸ்கர்த் தீவின் லெமூர்களுக்கும் இந்தியா, இலங்கை ஆகிய நாடுகளின் தேவாங்குக்கும் உள்ள ஒற்றுமையைக் கண்ட பிலிப் ஸ்கிளேட்டர், இடையே ஒரு நிலப்பரப்பு இருந்திருக்கும் என்று 1864 இற் கருதி அதற்கு லெமூரியா என்று பெயரிட்டார். ஹெக்கல் அதனை மனிதன் பிறந்த இடமாகவே தம் படத்தில் எழுதினார். பின்னர் அப்பெயர் தமிழ் எழுத்துகளிற் குமரிக் கண்டம் என்னும் கருத்தோடு இணைந்தது. இன்றைய கொடிவழியோ தேவாங்கின் நெருங்கிய உறவுகளாக ஆபிரிக்காவின் கலாகோவையும் பொட்டோவையும் காட்டுகின்றது. லெமூர்களின் மரபு இவற்றிலிருந்து ஏறத்தாழ ஆறு ஏழு கோடி ஆண்டுகளுக்கு முன்னர் பிரிந்தது. மடகாஸ்கரோ இந்தியாவினின்றும் ஏறத்தாழ எட்டு ஒன்பது கோடி ஆண்டுகளுக்கு முன்னரும், ஆபிரிக்காவினின்றும் அதற்கு நெடுங்காலம் முன்னரும் பிரிந்துவிட்டது. கடலில் மிதந்த மரங்களின் மேல் லெமூர்களின் மூதாதைகள் ஆபிரிக்காவிலிருந்து சென்றிருத்தல் வேண்டும் என்பதே ஆய்வாளர் பெரும்பாலோர் கருத்து. மூழ்கிய கண்டம் விலங்கியலுக்கு வேண்டாததாயிற்று.

இப்படங்களை வாசிக்கும் திறன் ஏட்டறிவோடு நிற்பதன்று. லிபியா நாட்டின் பெங்காசி நகரத்துச் சிறுவர் மருத்துவமனையொன்றில் 400 இற்கு மேற்பட்ட குழந்தைகளை எயிட்ஸ் நோய் வைரசு தொற்றியிருந்தமை 1998 இல் வெளிப்பட்டது. பல்கேரியத் தாதியர் ஐவரும் பலஸ்தீன வைத்தியர் ஒருவரும் அதனை வேண்டுமென்றே பரப்பினர் எனக் குற்றஞ் சாட்டப்பட்டு, 2004 இல் மரண தண்டனை பெற்றனர். 2006 டிசம்பரில் ஓர் ஆய்வுக் குழுவினர் குழந்தைகளிடமிருந்து கிடைத்த வைரசுகளின் கொடிவழியைக் கட்டி வெளியிட்டனர். அவற்றின் பொது மூதாதையைக் குறிக்கும் கணு, அவ்வறுவரும் 1998 மார்ச்சில் அங்கு வந்து சேர்வதற்கு முற்பட்டதாயிருந்தது. தொற்று அவர்களுக்கு முன்னரே அங்கு இருந்தது என்பதே அதன் பொருள். நீதிமன்றம் அதே மாதத்தில் மீண்டும் மரண தண்டனையே விதித்தது. அரசுகளிடையே நடந்த பேச்சுகளின் பின்னரே 2007 யூலையில் அவர்கள் விடுதலை பெற்றனர். ஒரு கணுவின் காலத்தை வாசிப்பதில் ஆறு உயிர்கள் தொங்கின.

2005 இல் டேவிட் போமும் உடனாய்வாளரும் அமெரிக்க அறிவியல் இதழொன்றில், கூர்ப்பைக் கற்றவர் பலரும் அதன் படத்தைப் பிழைபட வாசிக்கின்றனர் என்று எடுத்துக்காட்டி, வாசிப்பைச் சோதிக்கும் வினாக்களையும் வழங்கினர். அதன்பின் இப்பாடம் பல நாடுகளில் தனிக் கவனம் பெற்றுள்ளது. வேண்டுவது விலை மிக்க கருவியன்று. ஒரு கரும்பலகை, ஐந்து விலங்குகளின் பெயர், ஓர் அட்டவணை ஆகியன போதும். மாணவன் முதலில் தானே மரம் கட்டட்டும். பின்னர் அடுத்தவன் மரத்தோடு ஒப்பிடட்டும். இருவரும் வேறுபட்ட இடத்தில் எந்த இயல்பை எவர் எவ்வாறு கொண்டனர் என்று வாதிடட்டும். கொடிவழி ஒவ்வொன்றும் கருதுகோளே. புதிய சான்று வருமாயின் கிளை இடம் மாறும்.

தொல்காப்பியர் உயிர்களை அவற்றின் உணரும் ஆற்றலால் வகுத்தார். அவ்வகுப்பு அதன் நோக்கத்துக்கு ஏற்றது; உறவை அறிய எழுந்ததன்று. உறவை அறிய விரும்புபவன் உயர்வு தாழ்வு என்னும் சொற்களைப் படத்தின் அருகே கொண்டுவருதல் ஆகாது. புல்லும் பாரையும் காகமும் மனிதனும் இன்று வாழும் நுனிகள். முதல் உயிரிலிருந்து அவை கடந்து வந்த காலம் ஒன்றே. எது மேல் என்று கேட்கும் மாணவன், இவ்விரண்டும் எந்தக் கணுவிற் சந்திக்கின்றன என்று கேட்கத் தொடங்கும் நாளில் ஆசிரியரின் பணி நிறைவேறும்.